ஏதென்ஸின் கோடை இரவை மாடி பார்களில் தேடாதீர்கள்

கோடை விடுமுறைக்கு கிரீஸ் போகும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஏதென்ஸில் எந்த மாடி பார் நல்லது? இன்ஸ்டாகிராமில் வரும் படங்கள் அப்படி. கையில் காக்டெயில், பின்னால் விளக்கொளியில் பழங்காலக் கோயிலான பார்த்தெனான். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நிறுவன வேலை பார்த்து, சில கோடைகளை அந்த ஊரில் கழித்தவன் நான். அந்த மாடிகளில் ஏதென்ஸ்காரர்களை அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் எல்லாரும் கீழே தெருவில் இருக்கிறார்கள். அந்தத் தெருவைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கவலை.

அந்த ஊர் இரவில் வாழ்வதற்குக் காரணம் வெயில். வெப்ப அலை வந்தால் பகலில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 1977 ஜூலையில் நகரை ஒட்டிய எலெஃப்ஸினாவில் 48 டிகிரி பதிவானது. 2023, 2024 வெப்ப அலைகளில் பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றையே நண்பகலில் மூடினார்கள். உணவு டெலிவரி செய்பவர்கள் உட்பட வெளிவேலை பார்க்கும் பலரும் மதியம் 12 முதல் 5 வரை வேலை செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரை சத்தம் போடக் கூடாது என்ற விதி அங்கே வெகுகாலமாக உண்டு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அப்புறம் இரவு ஒன்பதரை, பத்துக்குத்தான் சாப்பாடு. நள்ளிரவில் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்கள், பக்கத்திலேயே இளைஞர்கள் பெட்டிக்கடையில் வாங்கிய பீருடன் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். இரவு வாழ்க்கை என்றால் இருபது வயதுக்காரர்களின் டிஸ்கோ என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய விஷயமாக இருந்தது.

இன்னொரு காரணம் கட்டடங்கள். 1950-களிலிருந்து நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் பழைய வீட்டை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, அங்கே எழும்பும் அடுக்குமாடியில் சில ஃபிளாட்டுகளைப் பெற்றுக்கொண்டார்கள். கையில் காசில்லாமலே வீடு கட்டிக்கொள்ள நல்ல வழி. ஆனால் தோட்டமும் காலி மனையும் போய், ஊர் முழுக்க கான்கிரீட் ஆனது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தச் சுவர்கள் இரவு முழுக்க வெளியே விடும். வீட்டுக்குள் உட்கார முடியாது. அதனால் பால்கனியும் நடைபாதையும் சதுக்கமும்தான் அந்த ஃபிளாட்டுகளின் கூடம்.

இதில் நான் உயிராக நேசிப்பது திறந்தவெளி சினிமாக்களை. தீசியோ பகுதியில் 1935-லிருந்து ஒன்று இருக்கிறது. திரைக்கு ஒரு பக்கம் அக்ரோபோலிஸ் தெரியும். எல்லாப் பயணிகளும் அங்கேதான் போவார்கள், போகட்டும். எனக்குப் பிடித்தவை குடியிருப்புகளுக்கு நடுவே உள்ளவை. பெட்ராலோனாவில் ஸெஃபிரோஸ், எக்ஸார்ஹியாவில் ரிவியெரா. சரளைக் கல் தரை, சுவரில் ஏறிய மல்லிகையும் காகிதப்பூவும், துணி நாற்காலிகள், இரண்டு நாற்காலிக்கு ஒரு சின்ன மேசை. இருட்டிய பிறகு முதல் காட்சி, பதினொரு மணிவாக்கில் இரண்டாவது. பதினொன்றுக்கு மேல் அமைதி நேரம் என்பதால் இரண்டாவது காட்சியில் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். யாரும் குறை சொல்வதில்லை, வெளிநாட்டுப் படங்களுக்குத்தான் கிரேக்க சப்டைட்டில் ஓடுகிறதே. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் பால்கனியிலிருந்து இலவசமாகப் பார்ப்பார்கள். இடைவேளையில் சீஸ் பை, பீர், புளிப்புச் செர்ரி சர்பத். புதுப் படமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ஐம்பது வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் கூட்டம் வரும். டிக்கெட் விலை ஒரு மாடி பார் காக்டெயிலைவிடக் குறைவு.

1960-களில் இவை அந்த நகரில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அடுக்குமாடி கட்ட மனை வேண்டும், வீட்டில் தொலைக்காட்சியும் வந்துவிட்டது, ஒவ்வொன்றாக இடித்தார்கள். மிச்சமிருந்தவற்றில் பலவற்றை 1990-களில் பண்பாட்டு அமைச்சகம் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் இன்று அந்த மனைகள் எல்லாம் ஹோட்டல்களாகத்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். சந்தைக்கு விட்டால் பிழைக்காது, சட்டம் போட்டால் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாப்பாடும் அப்படித்தான், தெருவோடு சேர்ந்தது. தவேர்னா என்ற எளிய உணவகத்தில் தனித்தனித் தட்டு கிடையாது. பொரித்த நெத்திலி, சீமைச் சுரைக்காய் வடை, எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய வேகவைத்த கீரை, அரிசி அடைத்து ஓவனில் வைத்த தக்காளி, மேலே ஒரு பாளம் ஃபெட்டா சீஸ் வைத்த சாலட் என எல்லாம் மேசை நடுவில் வரும். ஒயினைக் குவளையில் கிலோ கணக்கில் கேட்பார்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், கேட்காமல் பில்லும் வராது. கடைசியில் தர்பூசணி, பல இடங்களில் கடைக்காரர் கணக்கில். சாலட்டில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடாமல் எழுந்தால் அது சாப்பாடே இல்லை.

சரி, என் கோபம் எதன்மேல்? அக்ரோபோலிஸுக்குக் கீழே உள்ள கூகாகி பகுதியில் கட்டடம் கட்டடமாக வீடுகள் பயணிகளுக்கான குறுகிய கால வாடகைக்குப் போய்விட்டன. தெருவில் உட்கார்ந்து பேச வேண்டிய குடும்பங்களே வாடகை கட்ட முடியாமல் வெளியேறுகின்றன. 2025 ஜனவரி முதல் மத்திய ஏதென்ஸின் மூன்று வட்டங்களில் இப்படி வாடகைக்கு விடப் புதிய பதிவு கிடையாது என்று தடை போட்டார்கள். நல்லது, ஆனால் தாமதம். ஏற்கெனவே பதிவானவை அப்படியே ஓடுகின்றன. எக்ஸார்ஹியா சதுக்கத்தை 2022 ஆகஸ்டில் மெட்ரோ நிலையத்துக்காகத் தகரம் வைத்து அடைத்து, போலீஸ் காவல் போட்டார்கள். மெட்ரோ வேண்டும்தான். ஆனால் மூச்சுவிட அந்த ஒரு சதுக்கம்தான் இருக்கிறது, சற்றுத் தள்ளி தொல்லியல் அருங்காட்சியகம் பக்கம் நிலையத்தைக் கட்டுங்கள் என்று குடியிருப்பவர்கள் கேட்டது நியாயமான கோரிக்கை.

சுற்றுலாப் பணம் இல்லாமல் கிரீஸ் எப்படிப் பிழைக்கும் என்று கேட்பீர்கள். பணம் வரட்டும். கடற்கரை விஷயத்தில் வழி கண்டுபிடித்தார்களே. 2023-ல் பாரோஸ் தீவில், காசுக்கு விடும் சாய்வு நாற்காலிகள் கரையை முழுதாக விழுங்கிவிட்டன என்று மக்கள் துண்டோடு போய் நின்று போராடினார்கள். மறு வருடமே புதுச் சட்டம் வந்தது: தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது, மீறினால் மொபைல் செயலி வழியாகப் புகார் செய்யலாம். இதே கணக்கை சதுக்கத்துக்கும் நடைபாதைக்கும் போடலாமே? உணவகம் இத்தனை மேசைதான் போடலாம், மீதி இடம் காசு கொடுக்காமல் உட்காருபவர்களுக்கு என்று.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை. அதை ஒட்டி ஊரே தீவுகளுக்கும் சொந்தக் கிராமங்களுக்கும் போய்விடும், நல்ல தவேர்னாக்கள் பல பூட்டியிருக்கும். ஜூனில் போங்கள், இல்லையென்றால் செப்டம்பர் தொடக்கத்தில். முதல் நாள் இரவே ஏதாவது ஒரு குடியிருப்புச் சினிமாவுக்கு டிக்கெட் எடுங்கள், படம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.