வலது கையில் அம்மா

என் அக்கா மகன், மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. ஜி.டி. கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வில் தேறினான். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். நேரம் மிச்சம் வைத்தே ஓடி முடித்தான். உயரம் 170 செ.மீ.க்கு மேல், மார்பளவும் சரி. கடைசியாக மெடிக்கல். சட்டையைக் கழற்றியதும் டாக்டரின் கண் வலது முன்கையில் நின்றது. பதினேழு வயதில், திருவிழாக் கூட்டத்தில் உட்கார்ந்து பச்சை குத்திக்கொண்ட 'அம்மா'. மூன்றே எழுத்து. அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் மதச் சின்னமோ பெயரோ பச்சை குத்தியிருந்தால் தடையில்லை. ஆனால் முன்கையின் உட்புறம் என்றால் இடது கையில் மட்டும்தான் இருக்கலாம். வலது கை சல்யூட் அடிக்கும் கை. புறங்கையில் இருக்கலாம். அளவு அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். சீருடைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், இந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்கு ஆறாதது, இதை எப்போது பார்க்கிறார்கள் என்பது. உயரத்தையும் மார்பையும் அளக்க ஒரு நாள் வரச் சொல்கிறார்களே, அன்றைக்கே கையை நீட்டச் சொன்னால் என்ன? அரை நிமிடம் ஆகுமா? 'இது சிக்கலாகும் தம்பி, மெடிக்கலுக்குள் வழி பார்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். இடையில் கிடைக்கும் மாதங்களில் லேசர் சிகிச்சையைத் தொடங்கியிருக்கலாம். அது ஒரே நாளில் முடிகிற வேலையில்லை, பல வாரம் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். டெல்லி போலீஸ் தேர்வில் ஒரு பையன் டாட்டூவை நீக்கிய பிறகும் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் நியாயம் பெற்றான். எத்தனை வீடுகளில் அதற்கு வசதி இருக்கிறது? அவசரத்தில் ஆசிட் வைத்துச் சுட்டுக்கொள்ளும் பையன்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தழும்பும் மெடிக்கலில் கேள்வியாகும், கையும் கெடும்.

டாட்டூவாவது கண்ணுக்குத் தெரியும். முட்டி தட்டுதல், தட்டைப் பாதம், நிறக்குருடு என்று இருபது வயது வரை பலருக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தெரியாத விஷயங்கள் எத்தனையோ. பார்வை ஒரு கண்ணில் 6/6, மறு கண்ணில் 6/9 இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடி இல்லாமல். விரைவீக்கம், மூலம், மூக்குத் தண்டு வளைவு போன்றவற்றை அறுவை சிகிச்சையில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் புண் ஆற நாள் வேண்டும். மறுபரிசோதனை உண்டு என்பார்கள். இப்போதெல்லாம் அது கூடியவரை மறுநாளே நடக்கிறது. ஒரே இரவில் எந்தப் புண் ஆறும்? அங்கே சொல்வதுதான் இறுதி முடிவு.

தேர்வைத் தமிழில் எழுத 2024 முதல் வழி செய்தார்கள், மனதார வரவேற்றேன். அதே அக்கறையோடு இந்த மருத்துவ விதிகளையும் இரண்டு பக்கத் தமிழில், அறிவிப்போடு சேர்த்தே கொடுக்கட்டும். விண்ணப்பிக்கும் முன் அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிட்டு வரச் சொல்லட்டும்.

அதுவரை கிரவுண்டில் பயிற்சி கொடுக்கும் அண்ணன்கள் முதல் வாரமே இதைப் பார்த்துவிடுங்கள். பையனின் காலை நனைத்து சிமெண்ட் தரையில் வைக்கச் சொன்னால் பாதத்தில் வளைவு இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். முழங்கால்களை ஒட்டி நிற்கும்போது கணுக்கால்கள் விலகி நிற்கின்றனவா பாருங்கள், அதுதான் முட்டி தட்டுதல். சந்தேகம் இருந்தால் எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா மகனுக்கு இப்போது 22. ஜி.டி.க்கு வயது வரம்பு 23, பிற்படுத்தப்பட்டோர் என்பதால் இன்னும் 3 வருடம் சலுகை இருக்கிறது. லேசர் இரண்டு முறை முடிந்திருக்கிறது. முதல் எழுத்து மங்கிவிட்டது, 'மா' இன்னும் தெரிகிறது.