பசிபிக்கைக் கடக்கும் இருக்கைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும்

12 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விமானப் பயணங்களில், எகானமி வகுப்பு இருக்கையின் அகலத்துக்கும் வரிசை இடைவெளிக்கும் (ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன்னுள்ள இருக்கையின் அதே புள்ளி வரையிலான தூரம்) சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நண்பர்களிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பசிபிக் பெருங்கடலைக் கடந்து போய்வருவது பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்ட இந்நாளில், காரணங்களோடு எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பதிவு சற்று நீளமாகவே இருக்கும்.

பசிபிக் பயணத்தை மட்டும் தனியாகப் பேசுவதற்கு அதன் தூரமே காரணம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிட்னி சுமார் 12,000 கிலோமீட்டர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். 2022 செப்டம்பரில் தொடங்கிய ஆக்லாந்து - நியூயார்க் நேரடிச் சேவை 14,000 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று உதவுவதால் சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்ல சுமார் பதின்மூன்றரை மணி நேரம் போதும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பும்போது 15 மணி நேரம் ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா செல்லும் விமானங்களில் பெரும்பாலானவை இரவு நேரத்தில் புறப்பட்டு, தேதிக்கோட்டைக் கடந்து, நாட்காட்டியில் இரண்டு நாள் தள்ளிக் காலையில் இறங்குகின்றன. அப்படியானால் பயணி ஒரு முழு இரவை அந்த இருக்கையில் கழித்தாக வேண்டும். ஏழு மணி நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பவர் தூங்காமல்கூடச் சமாளித்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஓர் இரவைக் கழிக்கும் இடம் என்ற முறையில்தான் இந்த இருக்கையை மதிப்பிட வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தக் கடலைக் கடப்பவர்களுக்குப் படுக்கை இருந்தது. 1935 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் 'சைனா கிளிப்பர்' என்ற பறக்கும் படகு (நீரில் இறங்கி நீரிலிருந்தே கிளம்பும் விமானம்) அஞ்சலைச் சுமந்துகொண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குப் புறப்பட்டது. ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவு தீவாக இறங்கித்தான் அது போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது, அவர்கள் இரவுதோறும் கரையில் தங்கினார்கள். மிட்வேயிலும் வேக்கிலும் அதற்காகவே விடுதிகள் கட்டப்பட்டிருந்தன. மிகச் சிலரால் மட்டுமே தாங்கக்கூடிய கட்டணம் அது என்பதை மறுக்கவில்லை. பின்னாளில் விமானங்களின் பறக்கும் தூரம் வளர்ந்தது, இடைநிறுத்தங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு என்ஜின் விமானங்களுக்கும் அந்தக் கடல் திறந்துவிடப்பட்டது. ஒரு என்ஜின் நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்ற வரம்பு 1985-இல் 120 நிமிடமாகவும் பின்னர் 180 நிமிடமாகவும் நீட்டிக்கப்பட்டு, இன்று போயிங் 787-க்கு 330 நிமிடம் வரை அனுமதிக்கப்படுகிறது. பொறியியல் என்ற முறையில் இதை நான் வியந்து பார்க்கிறேன். ஆனால் கரையில் கிடைத்த இரவுத் தூக்கம் போனபின், அதற்கு ஈடாக எகானமி பயணிக்கு எதுவும் தரப்படவில்லை.

மாறாக, இருந்த இடமும் குறைந்தது. போயிங் 777 அறிமுகமான காலத்தில் எகானமியில் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் இருப்பதே வழக்கம். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதே விமானத்தில் பத்து இருக்கைகளை வைக்கின்றன. விமானத்தின் உடற்பகுதியின் அகலம் மாறவில்லை என்பதால், 18 அங்குலத்துக்குக் குறையாதிருந்த இருக்கை 17 அங்குலத்துக்கு இறங்கியது. போயிங் 787-இல் வரிசைக்கு எட்டு இருக்கைகளைத் தாராளமாக வைக்கலாம். ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் ஒன்பது வைக்கின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேசச் சேவைகளில் எட்டு இருக்கைகளையே தொடர்ந்து வைத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது இருக்கைகள் வைத்தாலும் ஏறத்தாழ 18 அங்குலம் கிடைக்கிறது. ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், நடுத்தர உடல்வாகு கொண்ட மூவர் 17 அங்குல இருக்கைகளில் தோளோடு தோள் இடிக்க 15 மணி நேரம் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தோளின் அகலம் இருக்கையின் அகலத்தைவிடக் கூடுதலாக இருப்பது பெரியவர்களில் பலருக்கும் இயல்பு. ஒருவர் உடலை ஒரு பக்கமாகத் திருப்பியே உட்கார வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பம் விடியும்வரை முதுகில் தங்கிவிடுகிறது.

அகலத்தைவிட முக்கியமானது இருக்கைகளை அடுக்கும் முறை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டு இருக்கைகள் அமைந்த வரிசையில், யாரும் இடைவழிக்கு வருவதற்கு ஒருவருக்கு மேல் தாண்ட வேண்டியதில்லை. மூன்று, மூன்று, மூன்று என்றாலும், மூன்று, நான்கு, மூன்று என்றாலும், ஜன்னலோரத்தில் இருப்பவர் கழிப்பறைக்குச் செல்ல இருவரை எழுப்பியாக வேண்டும். பகலில் இது சிறு தொந்தரவு. விளக்கை அணைத்து, அருகில் இருவரும் போர்வைக்குள் ஒருவாறு கண்ணயர்ந்த பிறகு, கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது பெரிய தடை. ஒரு பயணத்தில் என் வரிசையின் ஜன்னலோரத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், பணியாளர் நீட்டிய தண்ணீரை ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருந்தார். காரணம் கேட்டபோது, உங்களை எத்தனை முறைதான் எழுப்புவது என்றார். இடைவழி இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் ஜன்னலுக்கு மாறிக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் தண்ணீர் குடித்தார். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கப் புறப்படும் வயதானவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் வாய் திறக்காமல் பயணம் செய்கிறார்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். அந்த வறட்சியில் தண்ணீரைத் தவிர்ப்பதும் அசையாமல் கிடப்பதும் உடலுக்கு நல்லதல்ல.

அசையாமல் கிடப்பதன் ஆபத்து என்ன என்பது ஆராயப்பட்ட விஷயம்தான். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்பவர்களுக்குக் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. நலமாக இருப்பவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் அது நிகழ்கிறது என்பதையும், ரயில், பேருந்து, கார் பயணத்துக்கும் இது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரையும் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் ரயிலில் எழுந்து நடக்கலாம், பேருந்தும் காரும் வழியில் நிற்கும். கடலுக்கு மேலே அந்த வசதி இல்லை. எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள் என்று அறிவுரை கூறும் நிறுவனமே, எழுந்து நடப்பதற்கு இரண்டு பேரின் தூக்கத்தைக் கலைத்தாக வேண்டிய விதத்தில் இருக்கைகளை அடுக்கி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். நேராக உட்கார்ந்த நிலையில் மனிதர்களால் நன்றாக உறங்க முடியாது. கனவு காணும் உறக்க நிலையில் கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடுவதால் தலை சரிகிறது, உடனே விழிப்பு வருகிறது. விமானத் துறைக்கு இது நன்றாகத் தெரியும் என்பதற்குச் சான்று அதன் சொந்த விதிகளிலேயே உள்ளது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளின்படி, நான்கு விமானிகள் முறைவைத்து ஓட்டும் விமானம் 17 மணி நேரம் வரை பறக்கலாம். விமானிகள் ஓய்வெடுக்கும் இடத்தை அந்த விதிகள் மூன்று தரங்களாகப் பிரிக்கின்றன. முதல் தரம் என்பது பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கப்பட்ட, முழுக்கப் படுத்துறங்கக்கூடிய படுக்கை. மிகக் கீழான மூன்றாம் தர ஓய்விடம் கூட, குறைந்தது 40 டிகிரி பின்னால் சாயக்கூடியதாகவும் காலையும் பாதத்தையும் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். எகானமி இருக்கை இந்த மூன்றாம் தரத்தையும் எட்டுவதில்லை. விமானியின் ஓய்வில் எல்லோருடைய உயிரும் அடங்கியிருக்கிறது, ஆகவே அவருக்குப் படுக்கை தந்தே ஆக வேண்டும்; பயணிக்கும் அதே படுக்கை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு மனித உடல் ஓய்வெடுக்க எவ்வளவு இடம் தேவை என்பதைச் சட்டத்தால் டிகிரி கணக்கில் எழுத முடிகிறது என்றால், இன்னொரு மனித உடலுக்கு அங்குலக் கணக்கில் எழுதுவது இயலாத காரியம் அல்ல.

எழுதுவதற்கான கட்டளையும் ஏற்கெனவே இருக்கிறது. 2018 அக்டோபரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்று, பயணிகளின் பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச இருக்கை அளவுகளை ஓராண்டுக்குள் வகுக்குமாறு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தைப் பணித்தது. அந்த ஓராண்டு போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. விபத்தின்போது பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடிய வேண்டும் என்பது நெடுநாளைய விதி. இதையொட்டி ஒக்லஹோமா சிட்டியில் ஆணையம் சோதனைகள் நடத்தி, இருக்கை நெருக்கம் வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் 60 வயதுக்கு உட்பட்ட, உடல் நலமுள்ள பெரியவர்கள் மட்டுமே. குழந்தைகள் இல்லை, முதியவர்கள் இல்லை, மாற்றுத்திறனாளிகள் இல்லை. இந்த மூவகையினரும் இல்லாத நீண்டதூர விமானம் எதையும் நான் பார்த்ததில்லை. 2022-இல் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அளவுகளை வகுக்க ஆணையத்துக்கு உத்தரவிடக் கோரிப் பயணிகள் உரிமை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கை 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 90 விநாடிகளில் வெளியேற முடியுமா என்பதோடு கேள்வி முடிந்துபோகிறது. 15 மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்பதற்கு எந்த விதியும் இல்லை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. பயணிகள் குறைந்த கட்டணத்தையே தேடுகிறார்கள், இடத்துக்காகக் கூடுதல் பணம் தர அவர்கள் தயாராக இல்லை என்பது அந்த வாதம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எகானமியிலிருந்து பல வரிசைகளை நீக்கி எல்லோருக்கும் கால் நீட்ட இடம் தந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த இருக்கைகளைத் திரும்பப் பொருத்தியது. நான் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் மட்டும் தானாக முன்வந்து இடம் தந்தால், நெருக்கியடித்து மலிவாக விற்கும் போட்டியாளரிடம் அது தோற்கும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று சட்டம் சொன்னால்தான் நல்லது செய்பவர் தண்டிக்கப்பட மாட்டார். வரிசைக்குப் பத்து என்பதை ஒன்பதாக்கினால், அதே வருமானத்தை ஈட்ட ஒரு டிக்கெட்டின் விலை சுமார் 11 சதவீதம் உயர வேண்டும். அது சிறிய தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். குடும்பத்தோடு பயணம் செய்யும்போது அது நன்றாகவே உறைக்கும். ஆயினும் நீண்டதூரப் பயணத்துக்கு மட்டும் அந்த உயர்வை ஏற்பது சரி என்றே கருதுகிறேன். ஏனென்றால் மரணச் செய்தி கேட்டோ பிரசவத்துக்கோ ஓடுபவர் விமானத்தின் வகையையும் இருக்கை வரைபடத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை. கிடைத்ததில் ஏறுகிறார். தேர்வு செய்ய வாய்ப்பே இல்லாதவரின் நெருக்கடியை அவருடைய விருப்பம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

பயண நேரம் கூடும்போது எகானமியின் அளவுகள் போதாது என்பதை நிறுவனங்களே தம் செயலால் ஒப்புக்கொண்டும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் நியூயார்க் அருகிலுள்ள நெவார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் மிக நீண்ட நேரடிச் சேவைகளைத் தொடங்கியபோது, அதற்கென வாங்கிய ஏ350 விமானங்களில் 161 இருக்கைகளை மட்டுமே வைத்தது. அவற்றில் எகானமி வகுப்பே இல்லை. சிட்னியிலிருந்து நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடைநில்லாமல் பறக்கத் திட்டமிட்டுள்ள குவாண்டாஸ், ஏ350-1000 விமானத்தில் 238 இருக்கைகளுக்கு மேல் வைக்கப் போவதில்லை என்றும், எகானமியில் வரிசை இடைவெளி 33 அங்குலமாக இருக்கும் என்றும், பயணிகள் எழுந்து நின்று உடலை நீட்டிக்கொள்ளத் தனி இடம் இருக்கும் என்றும் அறிவித்திருக்கிறது. வழக்கமான 31 அங்குலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு அங்குலம் கூடுதல். ஏர் நியூசிலாந்து அறிவித்த திட்டத்தின்படி எகானமி பயணிகள் நான்கு மணி நேரம் படுத்துறங்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகள் ஆறு 787 விமானத்தில் அமையும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதும், விமானம் முழுவதற்கும் ஆறே படுக்கைகள் என்பதும் எனக்கு நிறைவு தரவில்லை. என்றாலும், படுக்கை வேண்டும் என்ற தேவையை ஒரு நிறுவனம் எகானமி பயணியின் பெயரால் சொன்னதை வரவேற்கிறேன்.

என் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறேன். 12 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானங்களில் இருக்கை 18 அங்குல அகலமும் 33 அங்குல வரிசை இடைவெளியும் கொண்டிருக்க வேண்டும். பயணிகள் நின்று காலை நீட்டிக்கொள்ள, கழிப்பறை வரிசையோடு கலக்காத ஓர் இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். இவை வானத்திலிருந்து பறித்த எண்கள் அல்ல. இன்று பறந்துகொண்டிருக்கும் அல்லது பறக்கவிருக்கும் விமானங்களில் உள்ளவைதான். அந்தச் சட்டம் வரும்வரை இன்னொரு சிறிய காரியத்தை எந்த நாட்டு அரசும் உடனே செய்யலாம். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் கட்டணம், பெட்டியின் எடை, உணவு வகை எல்லாம் தெரிகின்றன. இருக்கையின் அகலத்தையும் வரிசை இடைவெளியையும் அந்தக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால், வயதான பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளாவது எந்த விமானத்தில் அவர்களை ஏற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்றுவார்கள்.