மட்கார்டை மடக்காதீர்கள்

போன வாரம் என் காரின் படத்தைப் போட்டதிலிருந்து எனக்கு வரும் யோசனைகளில் பாதி ஒரே யோசனைதான்: பதினெட்டு அங்குல அலாய் வீல் போடு, காரைத் தாழ்த்து, சுற்றிலும் பாடி கிட் (அழகுக்கான பம்பர், பட்டைகள், ஸ்பாய்லர்) மாட்டு. அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் இதில் எதையும் செய்யப்போவதில்லை. ஏன் என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

என்னுடையது 1999ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. 230. இரண்டே இருக்கைகள், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின், பொத்தானை அழுத்தினால் 25 விநாடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும் இரும்புக் கூரை. எஸ்.எல்.கே. என்ற மூன்று எழுத்துக்கும் ஜெர்மன் மொழியில் விரிவு உண்டு: ஸ்போர்ட்ஸ் காரின் தன்மை, எடைக் குறைவு, குட்டை. நீளம் நான்கு மீட்டர்தான். பானெட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் இரண்டு மேடுகள் 1950களின் 300 எஸ்.எல். காரை நினைவூட்டுபவை. இதை வரைந்த மிக்கேல் மாவர் பிற்பாடு போர்ஷே நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரானார். அந்தக் கையின் கோட்டில் நான் எதைச் சேர்க்க வேண்டும்? இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வாங்கும்போது இதில் பதினெட்டு அங்குலச் சக்கரங்கள் இருந்தன. எனக்கு முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ போட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. வாங்கிய மூன்றாம் மாதம், வலது பின் மட்கார்டின் வளைவில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் பெயிண்டுக்கு அடியில் தெரிந்தது. பெங்களூர் அல்சூரில் நாற்பது வருடமாக டிங்கரிங் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கொப்புளத்தைத் தொடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கதவில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. மெல்ல நகர்த்திக்கொண்டே பின்பக்கம் வந்தார். சக்கர வளைவுக்கு நான்கு விரற்கடை மேலே வந்ததும் காந்தம் பிடி விட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"தம்பி, இது தகடு இல்லை, பட்டி" என்றார்.

கீழே குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். மட்கார்டின் உள்விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில், அது மேல்நோக்கி மடக்கித் தட்டப்பட்டிருந்தது. டயர் உரசாமல் இருப்பதற்காகச் செய்த வேலை. விளிம்பை மடக்கும்போது அங்கிருக்கும் பெயிண்டும், இரண்டு தகடுகளின் இணைப்பை மூடியிருக்கும் சீலரும் வெடித்துவிடும். டயர் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் நேராக அந்த வெடிப்பில்தான் போய் உட்காரும். அப்புறம் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே ஓட்டையை நிரப்பும் பசையான பட்டியைப் பூசி, மேலே பெயிண்ட் அடித்து, எனக்கு விற்றுவிட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அவர் லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை, பிஸ்கட் உடைவது போல.

இத்தனைக்கும் காரணம் 16 மில்லிமீட்டர். கணக்கைச் சொல்கிறேன். இந்தக் காரின் ஒரிஜினல் பின்சக்கரம் 16 அங்குலம், அகலம் 8 அங்குலம், ஆஃப்செட் 30 மில்லிமீட்டர். ஆஃப்செட் என்பது சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் மேல் அது ஒட்டி நிற்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். முன்னவர் போட்டது எட்டரை அங்குல அகலம், ஆஃப்செட் 20. அகலத்தில் கூடிய அரை அங்குலத்தில் பாதி, ஆறு மில்லிமீட்டர், வெளிப்பக்கம் வரும். ஆஃப்செட்டில் குறைந்த 10 முழுவதும் வெளியே வரும். ஆக 16. கடையில் சக்கரத்தைக் காட்டுகிறார்கள், டிசைனைக் காட்டுகிறார்கள், இந்தக் கூட்டல் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. காரின் உடம்பை வெட்டுவதும் மடக்குவதும் சக்கரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவாகத்தான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் சக்கரம், பிறகு உயரம், பாடி வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில். நம் ஊரில் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பம்பரை வாங்குகிறார்கள்.

டயரின் பக்கச்சுவரையும் பாருங்கள். ஒரிஜினல் பின்டயர் 225/50 ஆர்16. 225 மில்லிமீட்டர் அகலத்தில் 50 சதவீதம், அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 112 மில்லிமீட்டர் ரப்பர். முன்னவர் போட்டிருந்தது 245/35 ஆர்18. அதில் 86 மில்லிமீட்டர்தான். பெங்களூரில் ஒரு மழைக்காலத்தை ஓட்டித் தீர்த்தவர்களுக்கு அந்த 26 மில்லிமீட்டரின் மதிப்பு தெரியும். தண்ணீர் நிறைந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மாற்றுச் சக்கரம் தேடி ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். என் காரின் ஐந்து போல்ட் துளைகள் 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. கடைக்காரர் எடுத்துவந்தது 114.3. "இரண்டு மில்லிமீட்டர்தானே சார், இறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்றார். உட்காராது. போல்ட் சாய்ந்து நிற்கும், ஓடஓடத் தளரும் அல்லது உடையும். போதாததற்கு, மெர்சிடிஸின் ஒரிஜினல் போல்ட்டில் ரிம்மைப் பிடிக்கும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. ஒன்றை மற்றொன்றில் இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் பிடிப்பு. நடுத்துளையும் அப்படியே: என் ஹப் 66.6 மில்லிமீட்டர். பொதுவாகக் கிடைக்கும் அலாய்களின் துளை இதைவிடப் பெரியது, நடுவில் வளையம் போடாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓசூர் சாலையில் நூறில் போகிறவனிடம் "இரண்டு மில்லிமீட்டர்தானே" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. செய்யாதீர்கள். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தெருமுனையில் இருப்பது செங்குத்தான வரப்பு. ஒரிஜினல் உயரத்திலேயே சாய்த்துத்தான் ஏற்றுகிறேன்.

பாடி கிட். ஃபைபர் பம்பரின் படம் அனுப்பியவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒரிஜினல் பம்பர் பிளாஸ்டிக், லேசாக இடித்தால் அமுங்கி மீளும். ஃபைபர் விரிசல் விடும், விரிசல் மெதுவாக நீளும். அதைவிட முக்கியம், இந்த எஞ்சினுக்கு முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது அதுதான். பம்பரின் திறப்புகள் அழகுக்காக வைத்தவை அல்ல. சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும் காருக்கு முன்பக்கக் காற்றை அடைத்துவிட்டு, பின்னால் ஸ்பாய்லர் வைத்து என்ன பயன்?

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருடம் தாண்டிய கார்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கழற்றி மாட்ட முடியாத எந்த மாற்றமும் அன்றைக்குத் தலைவலி.

இப்போது என் திட்டம். பெரியவர் இரண்டு பின் மட்கார்டுகளிலும் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். புதுத் தகட்டை வளைத்து, விளிம்பை ஒரிஜினல் போலவே கீழ்நோக்கி மடித்து, வெல்டிங் வைத்து, எபாக்சி பிரைமர் அடித்திருக்கிறார். விளிம்புக்குத் தனியாகப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை. உள்பக்கம் சீலரும் மெழுகும் அடித்த பிறகுதான் வெளிப்பெயிண்ட், அதுவும் பழைய வெள்ளி நிறமேதான். 2000இல் வந்த புதுப்பிப்பில் கம்பெனியே கொடுத்த பக்கவாட்டுப் பட்டைகள் எனக்குப் பிடிக்கும். பழைய செட் கிடைத்தால் வைத்துப் பார்ப்பேன். வெட்டினால்தான் பொருந்தும் என்றால் வேண்டாம்.

சக்கரம், ஒரிஜினல் 16 அங்குலம்தான். சிவாஜிநகரில் நான்கு மாதம் அலைந்து மூன்று சேர்த்துவிட்டேன்: முன்பக்கத்துக்கு 7 அங்குல அகலம், ஆஃப்செட் 37 இரண்டு, பின்பக்கத்துக்கு ஒன்று. இன்னும் ஒரு பின்சக்கரம் வேண்டும். 8 அங்குல அகலம், ஆஃப்செட் 30, ஐந்து துளை 112. வெல்டிங் வைத்ததோ வளைத்து நிமிர்த்தியதோ வேண்டாம், கீறல் இருந்தால் பரவாயில்லை. யாரிடமாவது இருந்தால், ரிம்மின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். சேலமானாலும் கோவையானாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.