பிள்ளைகளுக்கு அடிப்படை தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடந்த பைத்தான் (நிரல் மொழி) பட்டறையில் பாதி நாள் லேப்டாப்பில் மென்பொருள் ஏற்றுவதிலேயே போனது எல்லோருக்கும் தெரியும், மறுபடி விவரிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஒருங்கிணைப்பாளர் குரூப்பில் போட்ட "மாணவர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை" என்ற வரியைச் சும்மா விட மனசு வரவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் அவர்கள் இன்ஸ்டால் பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். பாடமே நடக்காதபோது அடிப்படையை எப்போது சோதித்தீர்கள்?

ஜூபிட்டர் நோட்புக்கை (நிரலும் விளக்கமும் விடையும் ஒன்றாக இருக்கும் கோப்பு) மட்டும் அனுப்புவது பாதியை அனுப்புவது. எந்த பைத்தான், எந்த பாண்டாஸ் (தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்), எந்த வெர்ஷன் என்பதும் பாடத்தோடு சேர்ந்ததுதான். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடக்கும் 14 லட்சம் நோட்புக்குகளை எடுத்து ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடி முடிந்தவை சுமார் 24 சதவீதம். பழைய விடையே திரும்ப வந்தவை சுமார் 4 சதவீதம். அவற்றை எழுதியவர்களுக்கும் அடிப்படை தெரியாதா?

முன்வரிசையில் ஒரு பெண். அண்ணனுடைய பழைய லேப்டாப், விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. கொடுத்த பட்டியலிலோ பாண்டாஸ் 2.1, அதற்குக் குறைந்தது 3.9 வேண்டும். எத்தனை முறை பிப் இன்ஸ்டால் (நூலகத்தை ஏற்றும் கட்டளை) அடித்தாலும் "நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்", அதாவது பொருந்துகிற வெர்ஷன் இல்லை என்றுதான் வரும். "அண்ணா, நான் ஏதாவது தப்பா டைப் பண்றேனா?" என்று கேட்டாள். ஒரு எழுத்துகூட அவள் தப்பாக அடிக்கவில்லை.

இப்படி ஆகக்கூடாது என்றுதான் முன்கூட்டியே ஒரு வழி சொன்னேன். கிளவுடில் (இணையம் வழி வாடகைக்கு) ஒரு மெஷின், அதில் மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாக ஓட்டும் டாக்கர், ஜூபிட்டர்காரர்களே தயாரித்துத் தரும் சைபை-நோட்புக் இமேஜ், அதாவது எல்லாம் ஏற்றி வைத்த அச்சு. லேட்டஸ்ட் என்று விடாமல், வெர்ஷன் மாறாதிருக்கத் தேதி போட்ட டேக் (இமேஜின் அடையாளப் பெயர்). பலருக்கும் நோட்புக் திறந்து தரும் ஜூபிட்டர்ஹப் வைத்தால் லாகின் செய்கிற ஆளுக்கு ஒரு கன்டெய்னர், அதாவது அந்த அச்சிலிருந்து ஓடும் தனிப் பெட்டி. கன்டெய்னரை அழித்தால் உள்ளே எழுதியதும் போய்விடும் என்பதால் ஒர்க் ஃபோல்டரை வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே நிற்கும் சேமிப்பிடம்) மாட்டி வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு ப்ரவுசர் இருந்தால் போதும். ராத்திரி கண் விழித்துச் செய்ததை "ஓவர் எஞ்சினியரிங்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"கோலாப் இருக்கே?" ப்ரவுசரிலேயே நோட்புக் ஓட்ட கூகுள் தரும் சேவை அது. இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே எந்தெந்த வெர்ஷன் தயாராக இருக்கும் என்பதை முடிவு செய்வது கூகுள், நாமில்லை. அதேபோல் ப்ரவுசரில் நோட்புக் திறக்கும் பைண்டர் சேவையும் நல்லதுதான். வேண்டிய நூலகங்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பைப் படித்து அதுவே இமேஜ் கட்டிக்கொள்ளும். ஆனால் பத்து நிமிடம் சும்மா விட்டால் மூடிவிடும். சாப்பிட்டு வருவதற்குள் எழுதியது எல்லாம் போயிருக்கும்.

"இன்ஸ்டால் பண்ணவும் கத்துக்கட்டுமே?" கற்றுக்கொள்ளட்டும், அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள், நானே எடுக்கிறேன். கணக்குப் பாடம் கேட்க வருகிறவனிடம் கரும்பலகையைச் செய்து எடுத்து வா என்று யாரும் சொல்வதில்லை.

செலவா? வகுப்பு முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டால் மேடையில் கட்டிய பேனர் காசுகூட ஆகாது. பாதுகாப்பா? உள்ளே நுழையக் கேட்கும் டோக்கனை (கடவுச்சொல் மாதிரி) எடுத்துவிட்டு, ஜூபிட்டரின் வாசலான 8888 போர்ட்டை ஊருக்கே திறந்து வைத்தால், அடுத்தவர் மெஷினில் கிரிப்டோ காசு தோண்டும் மைனிங் கும்பல் புகுந்துவிடும். அதனால் டோக்கனை எடுக்காதீர்கள், எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) போடுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று "நல்லா பண்றாங்க" என்று மேடையில் பாராட்டு வாங்கியவர்கள் எல்லாம் புது லேப்டாப் வைத்திருந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் அளந்தது லேப்டாப்பை. அந்தப் பெண்ணுக்கு லூப் தெரியும், ஃபங்ஷன் தெரியும், என் போனில் எழுதிக் காட்டினாள். அதைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளையிடம் "உனக்கு அடிப்படை இல்லை" என்றால் அவள் அப்படியே நம்பிவிடுவாள். அது உங்களுக்குப் புரிகிறதா?

இந்த இமேஜைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைல் என்னிடம் இருக்கிறது. வகுப்பு எடுக்கிற யார் கேட்டாலும் தருகிறேன், கூட உட்கார்ந்து ஏற்றியும் தருகிறேன், காசு வேண்டாம். இன்பாக்ஸில் வாருங்கள்.