தகாஹாட்டா இல்லாமல் ஒரு ஜிப்லி பட்டியலா?

அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் திரைப்பட வட்டத்தார் ஸ்டுடியோ ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனத்தின் தலைசிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தி, முதல் ஐந்தை அடுத்த மாதம் திரையிடப் போகிறார்கள். பத்துமே ஹயாவோ மியாசாகி இயக்கியவை. இசாவோ தகாஹாட்டாவின் படம் ஒன்றுகூட இல்லை. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' மட்டும் கடைசியில் ஒரு வரியாக வருகிறது: மிகவும் சோகமான படம், விருப்பமுள்ளவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஏன் என்று வட்டத்தின் குழுவிலேயே கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "தகாஹாட்டா படமெல்லாம் ஜிப்லி மாதிரியே இருக்காதுங்க. 'ஒன்லி யெஸ்டர்டே'ல என்ன நடக்குது சொல்லுங்க? ஒண்ணுமே நடக்காது" என்று பதில் வந்தது. அதன் கீழே இன்னொருவர், "அது ஆன்ட்டிங்க பார்க்கிற படம்" என்று எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதற்கப்புறம் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் நான்காம் இடம் 'நௌசிகா'வுக்கு. அது 1984இல் வந்த படம். எடுத்தது டாப்கிராஃப்ட் என்ற வேறொரு ஸ்டுடியோ. ஜிப்லி தொடங்கியதே 1985இல்தான். எல்லோரும் அதை ஜிப்லி கணக்கில் சேர்க்கிறார்கள், சரி, நானும் சேர்ப்பேன். ஆனால் அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் யார்? தகாஹாட்டா. அடுத்து வந்த 'லாபுடா'வுக்கும் அவரே. நௌசிகாவில் கிடைத்த பணத்தை மியாசாகி தகாஹாட்டாவிடம்தான் கொடுத்தார், யானாகாவா என்ற ஊரின் கால்வாய்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க. தகாஹாட்டா அவசரமே படாத மனிதர். படம் முடிவதற்குள் பணம் கரைந்துவிட்டது. அதை ஈடுகட்ட இன்னொரு படம் எடுப்போம் என்று, பின்னாளில் ஜிப்லியின் தயாரிப்பாளரான தோஷியோ சுசுகி சொன்ன யோசனையில் பிறந்தது லாபுடா. லாபுடாவை எடுப்பதற்காகத் தொடங்கியது ஜிப்லி. ஸ்டுடியோவுக்கு முன்னால் வந்த படத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, ஸ்டுடியோ தொடங்கக் காரணமாக இருந்தவரை வெளியே நிறுத்தினால் அதை எப்படி ஜிப்லி பட்டியல் என்பது? மியாசாகி பட்டியல் என்று பெயர் வைத்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

"ஜிப்லி மாதிரி இல்லை" என்கிறார்களே, எது ஜிப்லி மாதிரி? 2025 மார்ச்சில் ஆளாளுக்குத் தங்கள் கல்யாண போட்டோவை ஏஐயிடம் கொடுத்து மாற்றினார்களே, அதுவா? பச்சைப் புல், வெள்ளை மேகம், உருண்டைக் கண், அவ்வளவுதானா? அந்தப் பச்சை இருக்கிறதே, மியாசாகியின் 'டோட்டோரோ' படத்தின் பச்சை, அதற்குக் கலை இயக்குநர் கசுவோ ஓகா. 'ஒன்லி யெஸ்டர்டே'யில் யாமகாட்டா வயல்களின் விடிகாலை வெளிச்சமும் அவர் கைவண்ணம்தான். தகாஹாட்டாவின் கடைசிப் படமான 'பிரின்சஸ் ககுயா'வின் மூங்கில் காடும் அவர் கைவண்ணம்தான். தகாஹாட்டா படம் வரையத் தெரியாத அனிமேஷன் இயக்குநர். தன் கை பழகிய ஒரே பாணி என்று எதுவும் இல்லாததால் ஒவ்வொரு கதைக்கும் வேறு வேறு கோட்டைத் தேடிப் போனார். மியாசாகியின் படங்களை ஒரு பிரேமைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். தகாஹாட்டாவை அப்படிப் பிடிக்க முடியாது. அது அவருடைய பெருமை. குறையாக எண்ணினால் அது பார்க்கிறவர் பிரச்சினை.

1988 ஏப்ரல் 16 அன்று 'டோட்டோரோ'வும் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'ஸும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்களாக வெளியாயின. அந்த ஸ்டுடியோவே இரண்டையும் சேர்த்துத்தான் மக்கள் முன்னால் வைத்தது. நாம் பிரித்து ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், இன்னொன்றை வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். தகாஹாட்டா ஒன்பது வயதில் ஒகாயாமா நகரத்தின் மேல் விழுந்த குண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தவர். போரில் அனாதையான அண்ணன் தங்கையின் கதை அது. படம் தொடங்கும்போதே பையன் சன்னோமியா ரயில் நிலையத்தில் செத்துப்போகிறான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, அவன் அத்தை வீட்டை விட்டு எப்படி வெளியேறினான், ரோஷம் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பொறுமையாகக் காட்டுகிறார். சோகம் என்ற ஒரு வார்த்தையில் அதை ஓரம் கட்ட முடியாது.

சரி, 'ஒன்லி யெஸ்டர்டே'க்கு வருகிறேன். எனக்கு வருத்தமே அதில்தான்.

தாயெகோவுக்கு 27 வயது. டோக்கியோவில் அலுவலக வேலை. கல்யாணம் ஆகவில்லை. விடுமுறைக்கு யாமகாட்டா கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். ரயிலில் ஐந்தாம் வகுப்பு படித்த தாயெகோவும் கூடவே வந்துவிடுகிறாள், 1966ஆம் ஆண்டிலிருந்து. அந்தக் குடும்பத்துக்கு முதன்முதலாக ஒரு முழு அன்னாசிப்பழம் வருகிறது. எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. வெட்டத் தெரிந்துகொண்டு அக்கா வந்து வெட்டும்போது பாட்டி முதல் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். வாயில் வைத்தால் கெட்டி, இனிப்பே இல்லை. ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துத் தட்டை நகர்த்துகிறார்கள். வாழைப்பழமே மேல் என்று முடிவாகிறது. தாயெகோ மட்டும் விடாமல் மென்றுகொண்டே இருக்கிறாள். எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அந்த மெல்லுகிற தாடையில் தெரிகிறது. வேறு எந்த அனிமேஷன் படத்திலும் ஒரு ஏமாற்றத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

இதைத்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள்.

2020 ஊரடங்கில், நெட்ஃபிளிக்ஸில் ஜிப்லி படங்கள் வந்த புதிதில், அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அம்மாவுக்கு சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க வராது, நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளி நாடகத்தில் தாயெகோ நன்றாக நடிக்கிறாள். அதைப் பார்த்துக் கல்லூரி நாடகக் குழுவிலிருந்து அவளைக் கேட்டு வருகிறார்கள். வீடே குதூகலிக்கிறது. அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிடுகிறார். காரணம் சொல்வதில்லை, விவாதம் இல்லை. அந்த வாய்ப்பு வேறொரு பெண்ணுக்குப் போகிறது. முதலில் உன்னைத்தான் கேட்டார்கள் என்று பள்ளியில் சொல்லிவிடாதே என்று அம்மா தாயெகோவிடம் சொல்லிக்கொண்டு நடக்கிறாள்.

எங்கள் அம்மா "நிறுத்தும்மா கொஞ்சம்" என்றார். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு அம்மாவைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். டீச்சரோடு தஞ்சாவூர் போக வேண்டும். தாத்தா "வெளியூரெல்லாம் வேண்டாம்" என்றதோடு சரி. வேறொரு பெண் போய் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கி வந்தாளாம். "அதை கிளாஸ்ல எல்லார் கையிலயும் கொடுத்துப் பார்க்கச் சொன்னா. நானும் வாங்கிப் பார்த்தேன். என் பேரு இருக்க வேண்டிய எடத்துல அவ பேரு வெட்டியிருந்துச்சு." இத்தனை வருஷத்தில் அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஜப்பானில் ஒருவர் 1991இல் எடுத்த படம் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாவின் வாயைத் திறக்க வைக்கிறது. ஆன்ட்டிகள் பார்க்கிற படம் என்று சிரித்தவருக்கும் வீட்டில் அம்மா இருப்பார். ஒரு தடவை உட்கார வைத்துக் காட்டட்டும்.

மெதுவாகப் போகிறது என்பார்கள். போகட்டுமே! 'ஸ்பிரிட்டட் அவே'யில் உங்கள் எல்லோருக்கும் பிடித்த காட்சி எது? தண்ணீரின் மேல் ஓடும் ரயிலில் சிஹிரோ பேசாமல் உட்கார்ந்திருப்பது. நீங்களே எத்தனை முறை அந்தப் படத்தைப் பகிர்ந்திருக்கிறீர்கள்! அங்கே மட்டும் என்ன நடக்கிறது? மியாசாகி செய்தால் அமைதி, தகாஹாட்டா செய்தால் சலிப்பு என்றால் எப்படி?

வசூல் பற்றி ஒருவர் பேசினார். 'ககுயா'வுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை, உண்மை. எட்டு வருஷம் எடுத்துக்கொண்டார், அதுவும் உண்மை. ஆனால் ஒன்றுமே நடக்காத இதே 'ஒன்லி யெஸ்டர்டே'தான் 1991இல் ஜப்பானில் அதிகம் வசூலித்த ஜப்பானியப் படம். 1994இல் அந்த இடத்தைப் பிடித்தது 'பாம் போகோ', அதுவும் தகாஹாட்டா. டோக்கியோ பக்கத்து டாமா மலைகளை இடித்துப் புறநகர் கட்ட, வீடிழந்த தனுகி என்ற நரி இன விலங்குகள் எதிர்த்து நிற்கும் கதை. அதற்குமேல் வசூல் பேச்சு எனக்குத் தேவையில்லை.

மியாசாகியைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார். இதுதான் ரொம்பவும் சுட்டது. என் போனில் டோட்டோரோ, என் பெண்ணின் பையில் மியாசாகி படத்து ஜிஜி பூனை. மியாசாகியை மதிக்கிறவர்கள் அவர் யாரை மதித்தார் என்று பார்க்க மாட்டார்களா? 2018 ஏப்ரலில் தகாஹாட்டா இறந்தார். அடுத்த மாதம் ஜிப்லி அருங்காட்சியகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மியாசாகி பேச முடியாமல் அழுதார். 1963இல், மழை விட்ட நேரத்தில், ஒரு பேருந்து நிறுத்தத்தில் 'பாக்கு-சான்' (தகாஹாட்டாவின் செல்லப்பெயர்) தன்னிடம் முதன்முதலாகப் பேசியதை நினைவுகூர்ந்தார். 2023இல் வந்த 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்தில் கோபுரத்துக்குள் உலகத்தையே அடுக்கி வைத்திருக்கிற தாத்தா முறைப் பெரியவர் யார்? அந்தப் பாத்திரம் தகாஹாட்டாதான் என்று சுசுகியே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்கு நம் ஆட்கள் இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் வரும் மனிதரைத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள்.

ரசனை அவரவர் உரிமை என்று கடைசியில் ஒரு தாழ்ப்பாள் போடுவார்கள். தாராளமாக. 'ககுயா'வைப் பார்த்துவிட்டுப் பத்தாவதாக வையுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பார்த்தீர்களா? அந்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா? பெயர் சூட்டும் விருந்தில் குடித்துவிட்டு ஆண்கள் ககுயாவைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது திரைக்குப் பின்னால் அவள் காதில் விழுகிறது. கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடுகிறாள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திவிட்ட பட்டாடைகள் ஒவ்வொன்றாக வீதியில் விழுகின்றன. அதுவரை மெல்லிய தூரிகைக் கோடாக இருந்த படம் கரிக்கட்டியால் கிறுக்கியதுபோல் ஆகிவிடுகிறது. முகமே அடையாளம் தெரியவில்லை, கோபம் மட்டும் ஓடுகிறது. புருவத்தைப் பிடுங்கிவிட்டால் வேர்வை கண்ணில் இறங்குமே என்று கேட்ட பெண் அவள். உயர்குலப் பெண்ணுக்கு வேர்க்காது என்று பதில் சொன்னார்கள். இந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் இது ஜிப்லி மாதிரி இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஜிப்லி எதற்கு என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பறக்கிற கோட்டையும் பேசுகிற நெருப்பும் வந்தால் கதை. ஒரு பெண்ணைப் பேசவிடாமல் உட்கார வைத்தது கதை இல்லையா? வகுத்தல் கணக்கில் பின்னத்தைத் தலைகீழாகப் போடத் தெரியாததற்கு வீட்டில் முட்டாள் என்று பெயர் வாங்கினது கதை இல்லையா? அப்படி ஒரு பெண் இருபத்தேழு வயதில் ரயிலில் உட்கார்ந்து அதையெல்லாம் நினைத்துப் பார்ப்பது இரண்டு மணி நேரம் காட்டத் தகுதியில்லாத விஷயமா? தகாஹாட்டா தகுதி உண்டு என்று நினைத்தார். பெரிய தாயெகோவின் காட்சிகளுக்கு நடிகர்களின் குரலை முதலில் பதிவு செய்து, அவர்கள் பேசும் முகத்தைப் பார்த்துப் பிறகு வரைய வைத்தார். சிரித்தால் கன்னத்தில் விழும் கோடுகூட இருக்கிறது. கதாநாயகிக்கு யாரும் வரையாத கோடு அது.

இந்தக் கோபத்தில் யோஷிஃபுமி கொண்டோவைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. இந்த முகங்களை வரைந்த கை அவருடையது. இயக்கியது 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' ஒன்றுதான். 1998இல் 47 வயதில் போய்விட்டார். அவரும் பட்டியலில் இல்லை.

என் வரிசையைக் கேட்டால்: 'ஒன்லி யெஸ்டர்டே', 'ககுயா', 'ஸ்பிரிட்டட் அவே', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', 'டோட்டோரோ', அப்புறம் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. அதற்குக் கீழே எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு வருகிறேன். ஐந்தாவதாக வைத்திருக்கிற 'போன்யோ'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஒன்லி யெஸ்டர்டே'யைப் போடச் சொல்லிக் கேட்பேன். சப்டைட்டிலைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.