சிறந்த இருபது கச்சேரி வாசிப்புகளின் பட்டியலை நான் ஏன் தரவில்லை

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், நான் ஃபிஷ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவை ஊர் ஊராகப் போய்க் கேட்பவன் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்தார். அந்தக் குழுவின் கச்சேரிப் பதிவுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, எல்லாவற்றிலும் சிறந்த இருபது வாசிப்புகளை மட்டும் குறித்துத் தந்தால் இந்த வார இறுதியில் கேட்டுவிடுவேன் என்றார். அவர் கேட்டதில் தவறு ஏதும் இல்லை. அப்படி ஒரு பட்டியலை அரை மணி நேரத்தில் என்னால் எழுதிவிடவும் முடியும். ஆனாலும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. மறுத்ததற்கான காரணத்தை நின்றபடியே இரண்டு வார்த்தைகளில் சொல்ல முடியாமல் போனதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த இசை அறிமுகம் இல்லாதவர்களுக்காக முதலில் சிறிது சொல்ல வேண்டும். 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழுதான், ஜாம் பேண்ட் என்று இன்று அழைக்கப்படும் மரபுக்கு ஊற்று. ராக், நாட்டுப்புறப் பாடல், புளூஸ், ஜாஸ் ஆகியவை கலந்த அவர்களுடைய இசையில், பாடலின் சொற்கள் முடிந்த இடத்தில் பாடல் முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து, எழுதிவைத்த எதுவும் இல்லாமல், மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டபடியே வாசித்துக்கொண்டு போவார்கள். மனோதர்மம் என்று நாம் சொல்வதை, ஒருவர் முன்னே செல்ல மற்றவர்கள் பின்தொடர்வதாக அல்லாமல், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்வதாக எண்ணிக்கொண்டால் ஓரளவு பிடிபடும். நேற்றைய பாடல் வரிசை இன்று வராது. நேற்று வந்த பாடல் இன்று வந்தாலும் அதே வழியில் போகாது. 1995 ஆகஸ்ட் 9 அன்று அக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரையிலான 30 ஆண்டுகளில் அவர்கள் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் வாசித்தார்கள். ஃபிஷ் 1983-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய குழு. ட்ரே அனஸ்டாசியோ கிட்டார், மைக் கார்டன் பேஸ், ஜான் ஃபிஷ்மன் டிரம்ஸ், 1985-ல் வந்து சேர்ந்த பேஜ் மெக்கானல் கீபோர்டு. இடையில் சில ஆண்டுகள் பிரிந்திருந்ததைத் தவிர, இதே நால்வர்தாம் இன்றும் வாசிக்கிறார்கள்.

நான் முதன்முதலில் அவர்களைக் கேட்டது 2009 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸில். கூரைக்கு வெளியே, புல்வெளியில் உட்காரும் மலிவான டிக்கெட். முதல் ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்தில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஒவ்வொரு பாடல் தொடங்கும்போதும் அதன் பெயரைச் சிறிய நோட்டுப்புத்தகத்தில் எழுதி, சில இடங்களில் மட்டும் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் கேட்டபோது, ஒரு பாடல் நிற்காமல் அடுத்த பாடலுக்குள் நுழைந்தால் அம்புக்குறி என்று விளக்கினார். பிறகு, பாதிக்கு மேல் அவர்களே வழி தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்கள், அது கேட்டதா என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், காசு வாங்கிக்கொண்டு, வழி தெரியாமல் தேடுவதற்குத் துணிந்த கலைஞர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இரண்டாம் பகுதியில் நான் பாட்டைக் கேட்கவில்லை. அந்தத் தேடலைக் கேட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை 63 கச்சேரிகள். எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கின்றன, அம்புக்குறிகளோடு.

ஃபிஷ் குழுவினர் தொடக்க காலத்தில் செய்த ஒரு பயிற்சியைப் பற்றி அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சிறிய இசைத்துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மற்ற மூவரும் அதற்குப் பொருந்தும் ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் தேடலை நிறுத்திவிட்டார்கள், தங்கள் இடத்தைக் கண்டுவிட்டார்கள் என்று காதால் உணர்ந்தவர் 'ஹே' என்று குரல் கொடுக்க வேண்டும். நால்வரும் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் துணுக்கை மாற்றலாம். தன் விரல்களைக் கேட்பவரால் இதைச் செய்யவே முடியாது; பிறரைக் கேட்பவரால்தான் முடியும். இப்படி வளர்ந்த இசையில், தேடியது கிடைக்காமல் போகும் இரவுகள் இருந்தே தீரும். அந்த இரவுகள் இல்லையென்றால் தேடல் என்பதே நாடகமாகிவிடும். சிறந்த இருபதை மட்டும் கேட்பவருக்குக் கண்டடைந்த ஓசை கிடைக்கும், தேடல் கிடைக்காது.

இதற்கு என் கண்முன் நடந்த சான்று ஒன்று உண்டு. 2017 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர்கள் 13 இரவுகள் வாசித்தார்கள். 13 இரவுகளிலும் ஒரு பாடல்கூடத் திரும்ப வரவில்லை. மொத்தம் 237 பாடல்கள். ஆங்கிலத்தில் 13-ஐ 'பேக்கர்ஸ் டஜன்' என்பார்கள்; அதனால் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு டோனட் சுவையின் பெயர். நான்காம் இரவான ஜூலை 25 அன்று நான் உள்ளே இருந்தேன். அன்று 'லான் பாய்' என்ற பாடல் வந்தது. அது பேஜ் மெக்கானல் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையின் முன்பக்கம் வந்து, பழைய விடுதிப் பாடகர்களைப் போல நிதானமாகப் பாடி முடிக்கும் சில நிமிடப் பாடல். அது தொடங்கியதும் எழுந்து கழிப்பறைக்கும் பீருக்கும் போவது ரசிகர்களிடையே வெகுகாலப் பழக்கம். எனக்கு முன்வரிசையில் இருந்த நால்வர் அப்படியே எழுந்து போனார்கள். அந்தப் பாடல் அன்று முடியவில்லை. முடிய வேண்டிய இடத்தைக் கடந்து, அரை மணி நேரத்தை நெருங்கும்வரை அது புதுப்புது இடங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அரங்கம் முழுவதும் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இது உண்மையாகவே நடக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள். போன நால்வரும் ஓடி வந்தபோது நாற்காலி வரிசைக்குள் நுழையக்கூட வழியில்லை. இன்று அந்த வாசிப்பு எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. தம்பிக்கு நான் தந்திருக்கக்கூடிய பட்டியலிலும் முதல் ஐந்துக்குள் இருந்திருக்கும். ஆனால் பட்டியலில் பார்த்து அதைக் கேட்பவருக்கு, அது நீளப்போகிறது என்று முதல் நொடியிலேயே தெரியும். அங்கிருந்த எங்களுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமைக்குள்தான் அந்த அரை மணி நேரத்தின் உயிர் இருந்தது.

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களிடம் சிறந்த கச்சேரி எது என்று கேட்டால், 1977 மே 8 அன்று இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது என்று மிகப் பலர் சொல்வார்கள். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்த அந்த நாடா 2011-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நானும் அதை நேசிக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய நாள் அவர்கள் பாஸ்டனில் வாசித்தார்கள், மறுநாள் பஃபலோவில் வாசித்தார்கள். மூன்று இரவுகளையும் வரிசையாகக் கேட்டவர்களுக்கு, கார்னெல் வானத்திலிருந்து விழுந்த அதிசயம் அல்ல, அந்த வசந்தகாலப் பயணம் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த உலையில் ஒரு கொதி என்பது புரியும். பஃபலோ இரவு கார்னெலுக்கு ஒரு படியும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. பட்டியலில் கார்னெலின் பெயர் முதலில் நிற்பதாலேயே பஃபலோவைக் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பதிவுகள் நமக்குக் கிடைத்ததே, தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துவைத்த ரசிகர்களால்தான். கச்சேரிக்குள் டேப் ரெக்கார்டரும் மைக்கும் கொண்டுவருவதைப் பிற குழுக்கள் திருட்டாகப் பார்த்த காலத்தில், டெட் குழு அதைத் தடுக்கவில்லை. உயரமான மைக் கம்பங்கள் காடுபோல் பெருகி மற்றவர்களுக்கு மறைத்ததால், 1984 அக்டோபரில் ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவு செய்வோருக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அங்கே பதிவான நாடாக்களுக்கு ஒரே ஒரு சட்டம்: விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ள உங்களிடம் நாடா எதுவும் இல்லையென்றால், வெற்று நாடாவையும் திரும்ப அனுப்பும் தபால் செலவையும் அனுப்பினால் போதும். முன்பின் அறியாத ஒருவர் ஓர் இரவு முழுவதையும் பிரதி எடுத்து அனுப்பிவைப்பார். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும் என்பதால், தன்னிடம் இருப்பது எத்தனையாவது பிரதி என்பதை உறையில் நேர்மையாக எழுதும் ஒழுக்கமும் அவர்களிடம் இருந்தது. அப்படி நாடா சேர்க்கும் ரசிகராக இருந்த டிக் லாட்வாலாதான் பின்னாளில் அந்தக் குழுவின் பதிவுக் காப்பாளர் ஆனார். 1993 முதல் அவர் பெயரில் வெளிவந்த கச்சேரித் தொகுப்புகளின் உறையில், பழைய நாடாவுக்கு உரிய குறைகள் இதில் உண்டு என்று வாங்குபவரை எச்சரிக்கும் குறிப்பு இருக்கும். குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டு முழுமையைக் கையில் கொடுக்கும் அந்தப் பண்பாட்டில் வளர்ந்தவன், இருபதை மட்டும் நறுக்கிக் கொடுப்பது எப்படி?

தாண்டிப் போகும் பகுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெட் கச்சேரிகளின் இரண்டாம் பகுதியில் தாளக் கலைஞர்கள் இருவர் மட்டும் நெடுநேரம் வாசிக்கும் கட்டம் ஒன்று வரும். பதிவு கேட்பவர்களில் பலர் அதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட்டின் தாளத் தேடல்தான் ஜாகிர் ஹுசைன் முதலானோருடன் சேர்ந்து 1991-ல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பாக விளைந்தது. உலக இசைக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதைப் பெற்ற அந்தத் தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். இதை அறிந்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தை நான் ஒரு முறையும் தாண்டிப் போனதில்லை.

மோசமான இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆறு மணி நேரம் காரோட்டிப் போய், மழையில் நனைந்து, எந்தப் பாடலும் தரையைவிட்டு எழும்பாத ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பியிருக்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். அடுத்த நாள் அலுவலகத்தில் தூக்கக் கலக்கத்தோடு அந்தப் பதிவையே மீண்டும் போட்டுக் கேட்டேன். எந்த நிமிடத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் விட்டார் என்பது அப்போது தெளிவாகப் புரிந்தது. நல்ல கச்சேரி எதுவும் அதை எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

எல்லோரும் அறிந்த ஒரு துயர வார இறுதியும் உண்டு. 2004 ஆகஸ்டில் வெர்மான்ட்டின் கோவென்ட்ரியில், இதுவே கடைசி என்று அறிவித்துவிட்டு ஃபிஷ் வாசித்த இரண்டு நாள்கள். மழையால் வயல்வெளி சேறாகிவிட்டது. இனி வாகனங்களை உள்ளே விட முடியாது என்று வானொலியில் அறிவித்ததும், ரசிகர்கள் நெடுஞ்சாலையோரம் கார்களை விட்டுவிட்டுப் பல மைல் நடந்தே போனார்கள். அங்கே வாசிப்பு தடுமாறியது. மெக்கானல் பாட முடியாமல் அழுதார். அனஸ்டாசியோ அப்போது போதைப் பழக்கத்தின் பிடியில் இருந்தார் என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். இந்த இசையைச் சுற்றிப் போதை இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கார்சியா தம் 53-ஆம் வயதில் மறுவாழ்வு மையத்தில்தான் மாரடைப்பால் இறந்தார். ஆனால் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையைச் சுற்றிக் கூடி, இன்றும் குடிக்காமல் இருப்போம் என்று ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கும் ரசிகர்களும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அனஸ்டாசியோ மீண்டார். 2009 மார்ச்சில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் குழு மறுபடி மேடையேறியது. கோவென்ட்ரியை முழுதாகக் கேட்காதவருக்கு, ஹாம்ப்டனில் முதல் சுரம் எழுந்தபோது மக்கள் ஏன் அப்படி ஆர்ப்பரித்தார்கள் என்பது விளங்கவே விளங்காது.

நேரம் இல்லை என்பது நியாயமான மறுப்பு. தம்பிக்கு வேலை இருக்கிறது, குழந்தை இருக்கிறது. டிக்கெட் விலையும் ஏறிவிட்டது; இன்று தொடங்கும் ஒருவர் என்னைப்போல் 63 கச்சேரிகளுக்குப் போக வேண்டுமென்றால் செலவு தாங்காது. அதனால்தான் அவரிடம், 'இருபதைக் கேட்காதீர்கள், ஒன்றை முழுதாகக் கேளுங்கள்' என்கிறேன்.

நேற்று மாலை அவருக்கு ஒரு பதிவை அனுப்பிவைத்தேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத, வார நடுவில் நடந்த ஒரு சாதாரணக் கச்சேரி. இரண்டு பகுதிகளும் முழுதாக இருக்கின்றன. கிட்டாரில் சுருதி சேர்க்கும் ஓசை, பக்கத்தில் நின்ற யாரோ தும்முவது, முதல் பகுதியில் எல்லோரும் ஒரு திருப்பத்தைத் தவறவிடுவது எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பகுதியின் நடுவே எங்கோ ஓரிடத்தில், நான்கு நிமிடம் மட்டும், நால்வரும் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். அது எத்தனையாவது நிமிடம் என்பதை நான் அவருக்கு எழுதவில்லை.