கூவத்துக்கு முதலில் தண்ணீர், அப்புறம் நடைபாதை

கூவம் கரையில் மறுபடியும் நடைபாதை, பூங்கா, சைக்கிள் பாதை என்று பேச்சு அடிபடும்போதெல்லாம் எனக்கு ஆசையும் வருகிறது, கோபமும் வருகிறது. நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். எங்கள் பேட்டையை வளைத்துக்கொண்டுதான் கூவம் போகிறது. 1734இல் நெசவாளர்களையும் துணி வெளுப்பவர்களையும் கொண்டுவந்து குடிவைத்தது இந்த வளைவுக்குள்தான். அந்த ஊரில் பிறந்த நாங்கள் ஆற்றுப் பக்கம் இருக்கும் ஜன்னலைத் திறக்காமலே வளர்ந்தோம்.

அப்பா அதே கூவத்தில் படகில் போயிருக்கிறார். அண்ணா முதல்வராக இருந்த காலத்தில் தொடங்கிய சீரமைப்பு வேலை அது, 1973இல் கருணாநிதி ஆட்சியில் படகு விட்டார்கள். நண்பர்களோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியதை இன்றைக்கும் முகம் மலரச் சொல்வார். சில வருஷம்கூட அது நிலைக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் படகுத்துறை என்பது புதர் மண்டிய ஒரு சிமெண்டு மேடை, அவ்வளவுதான். படகு வாங்கினோம், துறை கட்டினோம், ஆற்றில் வந்து விழுகிற சாக்கடையை மட்டும் நிறுத்தவில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் நாம் அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

கூவம் ஏன் நாறுகிறது? மழை நாட்களை விட்டால் சென்னைக்குள் அதில் ஓடுவது பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுநீர். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர்க் குழாயைச் சேர்த்துவிட்ட வீடுகள், ஓட்டல்கள், அடுக்குமாடிகள் எல்லாமே இதில் பங்காளிகள்தான். அது போதாதென்று முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அதன் சுவர் தடுத்து நிறுத்தியது. மெரினா அகலமானது அப்படித்தான், நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே கூவத்தின் வாய் அடிக்கடி மூடிக்கொள்வதும் அதே மணலால்தான். கடல் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து போனால் ஆறு கொஞ்சமாவது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். வாய் அடைத்துக் கிடக்கிற ஆற்றின் கரையில் எத்தனை பெஞ்சு போட்டாலும் யார் வந்து உட்காருவார்கள்?

பருத்திப்பட்டிலிருந்து முகத்துவாரம் வரை 32 கிலோமீட்டருக்கு 600 கோடி ரூபாய்க்கும் மேல் திட்டம் போட்டார்கள். அதில் கழிவுநீரை மறித்துத் திருப்பும் வேலையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேகமாக நடந்தது என்னமோ குடிசைகளை எடுத்த வேலைதான். பல ஆயிரம் குடும்பங்கள். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர் கரையிலிருந்து ஊருக்கு வெளியே போனார். விடியற்காலை பஸ் பிடித்து ஒரு மாதம் வந்து பார்த்தார், அப்புறம் வரவில்லை. பையனின் படிப்பும் அந்த வருஷத்தோடு நின்றுபோனது. வெள்ளம் வந்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள், சரி, அது உண்மைதான். அப்படியென்றால் பக்கத்திலேயே நாலு மாடி கட்டிக் கொடுப்பதுதானே நியாயம்? ஆற்றில் கலந்த சாக்கடையில் அந்தக் குடிசைகளின் பங்கு எவ்வளவு, நம் அடுக்குமாடிகளின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அவர்களை எடுத்த அதே ஆற்றை ஒட்டித்தான் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலைக்குத் தூண் நிறுத்துகிறோம். பக்கிங்ஹாம் கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டதும் இந்த ஊர்தான். தண்ணீர் ஓடுகிற இடம் நமக்குக் காலி மனையாகத் தெரிகிறது. எல்லாக் கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது.

நம்மால் முடியாது என்றும் நான் நம்பவில்லை. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கரில் முன்பு கட்டட இடிபாடும் குப்பையும்தான் கிடந்தன. அதை அள்ளினார்கள், தூர்வாரித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள், அலையாத்திச் செடி நட்டார்கள், 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். இன்று அங்கே பறவைகளைப் பார்க்க விடியற்காலையில் ஆட்கள் போகிறார்கள். தண்ணீரைச் சரி செய்த பிறகுதான் அங்கே பாதை போட்டார்கள், கவனியுங்கள்.

எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். சிந்தாதிரிப்பேட்டை வளைவுக்குள் எத்தனை வடிகால் வாய்கள் கூவத்தில் திறக்கின்றன, மழை இல்லாத நாளிலும் அவற்றில் எத்தனையில் தண்ணீர் ஓடுகிறது? பதிலை எழுத்தில் கேட்பேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கரையோர வார்டுகளில் இருப்பவர்கள் இதே கேள்வியை உங்கள் கூட்டத்திலும் கேட்டு, வந்த பதிலைக் கீழே எழுதுங்கள்.